பதினெட்டு அரைப்பேர்

வீரய்யாவுக்கு இருந்த கடன் பதினெட்டு ரூபா தொண்ணூறு சதம். கடைக்காரருக்கு அல்ல, வட்டிக்காரருக்கும் அல்ல. ஊசிக்கல் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஐந்து பெண்களுக்கு. அதில் ஒரு சதத்தைக்கூட அவர் கையால் தொட்டதில்லை. ஒரு நாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். ஐந்து பேரில் ஒருத்தி அவருடைய பெஞ்சாதி அம்மாக்கண்ணு. ஆகவே கடன் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தினமும் அவருக்குச் சோறும் போட்டது.

அது அறுபத்திரண்டாம் வருசம். பட்டம் வாங்கிய பன்னிரண்டு பேரைக் கூட்டிவைத்துப் புள்ளிவிபரம் படிப்பிக்க வேண்டும் என்று தேயிலை ஆராய்ச்சிக்காரர்கள் முடிவு செய்தார்கள். எந்த உரம் போட்டால் எவ்வளவு கொழுந்து வருகிறது, அந்த வித்தியாசம் உரத்தால்தான் வந்ததா, இல்லை மண்ணாலும் மழையாலும் சும்மா வந்ததா என்று கணக்குப் போட்டுப் பிரித்துச் சொல்கிற படிப்பு. இதைக் கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படித்தால் மண்டையில் ஏறாது, மலையிலேயே நடத்த வேண்டும் என்று பெரியவர் யாருக்கோ தோன்றிவிட்டது. அட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகிற பாதையில் இருந்த ஊசிக்கல் தோட்டத்தில் இரண்டு வருசமாக உரச்சோதனை நடக்கிற சரிவு ஒன்று இருந்தது. அதனால் பத்து வாரப் படிப்பும் அந்தத் தோட்டத்துத் தலையில் வந்து இறங்கியது.

நடத்துகிற பொறுப்பு லோரன்ஸ் என்ற இளைஞருக்கு. அவரும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். சாமியார் பள்ளிக்கூடத்தில் படித்து, பல்கலைக்கழகம் வரை போய், கணக்கில் பட்டம் வாங்கியவர். பெரிய பாடமெல்லாம் ஒரு பேராசிரியர் இங்கிலீசில் நடத்துவார். மற்றதெல்லாம் லோரன்ஸ். மற்றது என்றால் எல்லாமும். படுக்கை, சாப்பாடு, சுண்ணாம்புக்கட்டி, மண்ணெண்ணெய், கக்கூசு வரைக்கும்.

அவருக்குக் கையாளாகத் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வீரய்யாவை அனுப்பினார். வீரய்யாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முப்பது வருசமாகத் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்ததில் வலது தோள் மேலே எழும்பாது. நாற்பதுக்குப் பிறகு, சங்கத்து ராப்பள்ளியில், சின்னப் பிள்ளைகளின் பலகையை இரவல் வாங்கி எழுத்துப் படித்தவர். அவருக்கு இலக்கம் தெளிவாக எழுத வரும். மலையில் ஆள் குறைந்தால் யாரை விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்தபோது, தோள் வலிக்காரரையே விட்டுக்கொடுத்தார்கள்.

பழைய தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் மேல்மாடி, முன்பு கொழுந்து வாட்டிய இடம், வகுப்பாயிற்று. கரும்பலகை படிக்கட்டில் ஏறவில்லை. சன்னலைக் கழற்றி, கயிறு கட்டி, ஆறு பேர் இழுத்து ஏற்றினார்கள். கையால் சுற்றிக் கணக்குப் போடுகிற மெஷின் இரண்டு வந்தன. ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம். பட்டதாரிகள் வர வேண்டிய நாளில், சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் என்பதால், கினிகத்தேனையில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ் நின்று பாதை அடைத்துக்கொண்டது. விளக்கு வைத்த பிறகு, நனைந்த கோழிகளைப் போல வந்து சேர்ந்தார்கள். ஒருவரிடமும் கம்பளி இல்லை. ஏப்ரலுக்குள் முடியப்போகிற படிப்புக்குக் கம்பளி எதற்கு என்று நினைத்தார்களாம்.

லோரன்ஸ் சொந்தக் காசில் பன்னிரண்டு கம்பளி வாங்கினார்.

"பாடம் நடத்துறது லேசு வீரய்யாண்ணே," என்றார் மறுநாள். "பன்னெண்டு பேருக்குக் குளிக்கச் சுடுதண்ணி போடுறதுதான் கஷ்டம்."

"ஒரு வாரம் போனா குளிக்கமாட்டாங்க ஐயா. கவலப்படாதீங்க," என்றார் வீரய்யா.

அப்படியேதான் நடந்தது.

சோதனைச் சரிவைப் பதினாறு துண்டாகப் பிரித்து, மூலைக்கு மூலை வெள்ளையடித்த முளை அடித்திருந்தார்கள். நாலு விதமான உரப்பாடு, ஒவ்வொன்றுக்கும் நாலு துண்டு. அதில் ஒரு விதம் உரமே இல்லாதது. இரண்டு வருசமாக உரத்தின் வாசனையே காட்டாத அந்த நாலு துண்டுக்கும் மொட்டைத் துண்டு என்று பெண்கள் பெயர் வைத்திருந்தார்கள். புதன்கிழமைக்குப் புதன்கிழமை பதினாறு பெண்கள், ஆளுக்கு ஒரு துண்டாகக் கொழுந்து பறிக்க வேண்டும். அதைத் துண்டு வாரியாக நிறுத்து வீரய்யா எழுத வேண்டும். அந்த எடையை வைத்துப் பட்டதாரிகள் வியாழக்கிழமை முழுக்க மெஷின் சுற்ற வேண்டும். படிப்பின் முதுகெலும்பே அதுதான்.

யாருக்கு எந்தத் துண்டு என்பதைத் தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஆள் பார்த்துக் கொடுத்தால் கணக்குக் கெட்டுப்போகும் என்றார் லோரன்ஸ். பேச்சியம்மாவுக்கு மொட்டைத் துண்டு விழுந்தது. அந்தப் பதினாறு பேரில் மூத்தவள் அவள். அவள் வாய்க்குக் கங்காணியே ஒதுங்கி நடப்பார்.

"படிச்சவங்க தொப்பியிலயும் எனக்கு மொட்டைதான் விழுது பாரு," என்றாள். அம்மாக்கண்ணுவுக்கும் மொட்டைதான். எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்த காளியாயிக்கு நல்ல துண்டு, எரு உரம் இரண்டும் போட்டது.

முதல் மூன்று வாரம் ஒரு சண்டை சச்சரவு இல்லை. மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை லோரன்ஸ் வீரய்யாவை மேல்மாடிக்குக் கூப்பிட்டார். மேசையில் காகிதங்கள். முகம் சரியில்லை.

"ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க ஐயா."

"இந்த எடயெல்லாம் தராசப் பாத்துத்தான் எழுதுறீங்களா?"

வீரய்யாவுக்குச் சுருக்கென்றது. 

"எழுத்து எனக்கு லேட்டா வந்தது ஐயா. பொய் எழுதுற அளவுக்கு இன்னும் கை ஓடல."

லோரன்ஸ் எழுந்தே விட்டார். "அய்யய்யோ, அப்பிடிச் சொல்லல. இதப் பாருங்க. மொட்டைத் துண்டு இருவத்தொரு ராத்தல். எரு போட்ட துண்டு இருவத்திரெண்டு. பதினாறும் ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரி இருக்கு. போன வருசம் மொட்டைத் துண்டுல பதிமூணுதான் வந்திருக்கு. மூணு வாரமா பன்னெண்டு பேரும் கை வலிக்கச் சுத்துறாங்க, ஒண்ணும் பிரிஞ்சு வரல. உரம் போட்டதும் போடாததும் ஒண்ணுதான்னு கணக்கு சொல்லுது. அப்பிடி வர வழியே இல்ல. பேராசிரியர் சிரிக்கிறாரு."

வீரய்யாவுக்கும் விளங்கவில்லை. தராசு பழுதோ என்று கழற்றித் துடைத்து மாட்டினார்.

அடுத்த புதன் லோரன்ஸே காலையிலிருந்து மலையில் நின்றார். அட்டை இரண்டு கடித்ததும் தெரியாமல் நின்றார். பறித்து முடித்து, கூடைகளோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்குகிற ஒற்றையடிப்பாதையில் அவர் கண் விரிந்தது. முன்னால் போனவள் ஒருத்தி நின்று, தன் கூடைக்குள் கைவிட்டு இரண்டு பிடி அள்ளி, பேச்சியம்மா கூடையில் போட்டாள். அடுத்தவள் அம்மாக்கண்ணுவுக்கு. ஒருத்தரும் பேசவில்லை, மறைக்கவும் இல்லை. மூக்குச் சிந்துவதைப் போல, போகிற போக்கில் நடந்தது.

"இது எப்ப இருந்து நடக்குது?" என்றார் லோரன்ஸ்.

"எது ஐயா?" என்றார் வீரய்யா.

"இப்ப அள்ளிப் போட்டாங்களே, அது."

"அதுவா? அது எப்பவும் நடக்குறதுதானே."

வீரய்யா பொய் சொல்லவில்லை. முப்பது வருசமாகக் கண் முன்னால் நடக்கிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. இருபது ராத்தல் கொழுந்து இருந்தால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் முழுப்பேர் விழும், இரண்டு ரூபா பத்துச் சதம். அதற்குக் குறைந்தால் அரைப்பேர், ஒரு ரூபா ஐந்து சதம். பிள்ளைத்தாய்ச்சி, காய்ச்சல்காரி, புதுசாக மலையேறிய குமரி, யாருக்குக் குறைகிறதோ அவள் கூடைக்கு நிறைந்த கூடைக்காரி அள்ளிப் போடுவாள். நாளைக்கு அவளுக்குக் குறைந்தால் இவள் போடுவாள். கொழுந்து எப்படியும் ஒரே ஸ்டோருக்குத்தானே போகிறது? எடையை எழுதும்போது இதையும் எழுத வேண்டும் என்று வீரய்யாவுக்குத் தோன்றவே இல்லை. எல்லாரும் மூச்சு விட்டார்கள் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

லோரன்ஸ் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

"நான் வயித்துல இருக்கிறப்ப எங்கம்மா இப்பிடித்தான் முழுப்பேர் வாங்குனாங்களாம். சொல்லியிருக்காங்க. நல்லாத் தெரியும் எனக்கு. மூணு வாரமா அந்த ஞாபகம் வரல பாருங்க." பிறகு பெண்களைக் கூப்பிட்டார். "அக்காமாரே, கொஞ்சம் நில்லுங்க. கொழுந்த மாத்திப் போடாதீங்க. அந்தந்தத் துண்டுல வந்தது அந்தந்தக் கூடையிலயே இருக்கணும். கொறஞ்சா கொறஞ்சதாவே இருக்கட்டும். கொறயுதான்னு பாக்கத்தான் இவ்வளவும்."

பேச்சியம்மா கூடையை இறக்கவில்லை. "ஏந்தம்பி, ஒங்க படிப்புக்கு எங்க அரைப்பேரா?"

"அப்பிடி இல்லம்மா. முழுப்பேர் போடச் சொல்லி நான் தொரைக்கிட்ட பேசுறேன்."

"பேசுங்க. பேசுற வரைக்கும் கொழுந்து இப்பிடித்தான் போகும்."

லோரன்ஸ் அன்றைக்கே தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவுக்குப் போனார். மறுநாள் மகிழ்ச்சியாக வந்தார். தொரை தலையாட்டிவிட்டாராம், படிப்பு நடக்கிற வரை அந்தப் பதினாறு பேருக்கும் எடை பார்க்காமல் முழுப்பேர். மார்ச் மாதத்திலிருந்து. பெண்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

வீரய்யா பெரட்டுக்களத்தில் சொன்னார். "எட எவ்வளவு கொறஞ்சாலும் முழுப்பேர். யாரும் யாருக்கும் அள்ளிப் போடத் தேவையில்ல."

"இத நீ சொல்றியா, தொரை சொல்றாரா?" என்றாள் பேச்சியம்மா.

தொரை சொன்னதை லோரன்ஸ் சொல்ல அதை நான் சொல்கிறேன் என்று இழுக்கச் சோம்பலாக இருந்தது. குளிர் வேறு. "நான்தான் சொல்றேன்னு வச்சுக்கங்களேன். கொறஞ்சா என்னயக் கேளுங்க," என்றார்.

அந்த வார்த்தைதான்.

மார்ச் மாதம் வகுப்புக்கு நல்ல காலம். முதல் புதனே எடைகள் பிரிந்து நின்றன. மொட்டைத் துண்டு பன்னிரண்டு, பதிமூன்று. எரு உரம் போட்டது இருபத்தாறு, இருபத்தேழு. மேல்மாடியில் மெஷின்கள் கடகடவென்று ஓடின. அதுவரை மழையைப் பார்த்துக்கொண்டு கொட்டாவி விட்டவர்கள் சாப்பாட்டு மணி அடித்தும் எழும்பவில்லை. பலகையில் பேராசிரியர் பதினாறு கட்டம் போட்டு, மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலம் ஒரு கோடு என்று இழுத்து, சரிவின் மேல்பக்கத்துக்கும் கீழ்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிட்டு உரத்தின் வித்தியாசத்தை மட்டும் தனியே நிறுத்திக் காட்டினார். வீரய்யாவுக்கு இங்கிலீசு விளங்கவில்லை. ஆனால் தான் எழுதிய இலக்கங்கள் பலகையில் ஏறி நிற்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. கரிக்கோலில் எழுதும்போது இனிக் கொஞ்சம் அழுத்தியே எழுதினார்.

அதற்குள் தொரை ஆறுமாத விடுமுறையில் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சின்னத் தொரை வந்து பொறுப்பெடுத்தார். தலையாட்டிய தலை கப்பலில் போய்விட்டது. ஆபீஸில் ஒருவரிடமும் அது எதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

ஏப்ரல் பத்தாம் திகதி சம்பளம். ஆபீஸ் சன்னலில் காசை வாங்கி எண்ணிய பெண்கள் அங்கேயே நின்றார்கள். மொட்டைத் துண்டுக்காரிகள் நாலு பேருக்கும் மார்ச் மாதப் புதன்கிழமை நாலிலும் அரைப்பேர். நல்ல துண்டில் நின்ற காளியாயிக்கு இரண்டு அரைப்பேர். மொத்தம் பதினெட்டு.

வீரய்யா செக்ரோல் எழுதுகிற கிளாக்கரிடம் போனார். கிளாக்கர் கெட்ட மனுசர் இல்லை. எடை குறைந்திருந்தது, அரைப்பேர் போட்டேன், வேறென்ன செய்வேன் என்றார். "யாரு சொன்னது முழுப்பேர்னு? என் கைக்கு ஒரு துண்டுக் கடுதாசி வந்துச்சா? மார்ச் செக்ரோல் மூடியாச்சு வீரய்யா. மூடுனத நான் தொறந்தா என் வேல போயிரும்."

வெளியே பேச்சியம்மா காத்திருந்தாள்.

"கொறஞ்சா என்னயக் கேளுங்கன்னியே, கேக்குறேன். எங்க?"

"அக்கா, நான் லோரன்ஸ் ஐயாகிட்ட..."

"எனக்கு லோரன்ஸையும் தெரியாது, தொரையையும் தெரியாது. பெரட்டுல நின்னு சொன்ன வாய் ஒன் வாய். வர்ற புதன் அவங்களுக்கு என்னமோ சோதன வைக்கிறாங்களாமே? எங்க பேரு வந்து சேரலன்னா அன்னிக்குப் பதினாறு கூடையும் ஒரே எட காட்டும். இருவத்திரெண்டு. பாத்துக்க."

அவள் சொன்னது சும்மா மிரட்டல் இல்லை. படிப்பு முடிகிற வாரம் அது. கடைசிப் புதனில் வருகிற எடையை அப்போதே பட்டதாரிகள் கையில் கொடுத்து, கொழும்பிலிருந்து வருகிற பரீட்சகர்கள் முன்னால் கணக்குப் போடவைப்பது என்று ஏற்பாடு. பதினாறும் ஒன்றாக நின்றால் பன்னிரண்டு பேரும் தலையைச் சொறிய வேண்டியதுதான். இரண்டாந்தரம் இப்படி ஒரு படிப்பு மலைக்கு வராது.

அன்று சாயந்தரம் அம்மாக்கண்ணு ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டாள். "எனக்கு நாலு அரைப்பேர். நாலு ரூபா இருவது சதம். எப்ப குடுப்பீங்க?"

"நீயுமா?"

"நான் என்ன, சீட்டுல விழுந்த மொட்டைதானே. என் பங்கு கடைசியா வந்தாப் போதும். மொதல்ல பேச்சியக்கா வாய அடைங்க. தண்ணி புடிக்கப் பீலிக்குப் போனா நிக்க முடியல. 'ஒன் புருசன் வாத்தியாராயிட்டாரு, இனி சம்பளத்த இங்கிலீசுலதான் குடுப்பாரு'ங்குது."

வீரய்யா ரொட்டியைத் தொடவில்லை. பதினெட்டு ரூபா தொண்ணூறு என்றால் அவருக்கு ஒரு வாரக் கூலிக்கும் மேலே. அதைவிட, நாளைக்கு இதே பெண்களுக்கு நடுவில்தான் அவர் மலையில் நிற்க வேண்டும். லோரன்ஸ் கொழும்புக்குப் போய்விடுவார். இவர் எங்கே போவார்?

மறுநாள் லோரன்ஸ் கேட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். வகுப்புக் கணக்கில் எழுதுபொருளுக்குக் காசு உண்டு, பிரயாணத்துக்கு உண்டு, சாப்பாட்டுக்கு உண்டு. கூலிக்கு இல்லை. கூலி தோட்டத்தின் பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள். "சரி, விடுங்க," என்று சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாவை எடுத்தார். "இதக் குடுத்துருங்க."

வீரய்யா கொண்டுபோனார். பேச்சியம்மா நோட்டைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"அந்தத் தம்பி நல்ல புள்ள. கம்பளி வாங்கியே காஞ்சு போச்சு. காசு மட்டும்னா வாங்கியிருப்பேன். அரைப்பேர் செக்ரோல்ல அரைப்பேராத்தானே நிக்கும்? வருசக் கடைசியில பேர எண்ணித்தானே லீவுச் சம்பளம் போடுவாங்க? அப்ப இந்தத் தம்பி எங்க இருக்கும், நீ எங்க இருப்ப? எனக்குப் பேரு வேணும். செக்ரோல்ல."

மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். வீரய்யா இருபது ரூபாவோடு திரும்பி வந்தார். லோரன்ஸ் நோட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "அவங்க சொல்றது நியாயம்," என்றார். "வாங்க, ஆபீசுக்குப் போவோம். சொன்னது நம்ம ரெண்டு பேரும்தான். ரெண்டு பேரும் போயி நிப்போம்."

சின்னத் தொரை இருக்கச் சொல்லி, லோரன்ஸ் சொன்னதெல்லாம் கேட்டார். பழைய தொரை ஒப்புக்கொண்டதற்கு எழுத்து இருக்கிறதா என்றார். இல்லை. அப்படியானால் மூடிய மாதத்தை நான் தொடமுடியாது, கணக்காய்வுக்காரர் என்னைத்தான் பிடிப்பார் என்றார். குரல் உயரவில்லை, கதவும் திறக்கவில்லை. லோரன்ஸ் மறுபடி சொன்னார், அவர் மறுபடி அதையே சொன்னார். வீரய்யா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். கடைசியில் கிளாக்கர்தான், பேனாவைத் துடைத்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாதது மாதிரி சொன்னார்.

"கொழுந்துன்னு போட்டாத்தானே எட கேக்கும். சில்லறை வேலைன்னு போட்டா எட ஏது?"

புல் வெட்டு, மழைத்தண்ணி ஓடுகிற கான் வெட்டு, முளை அடிப்பு, இதெல்லாம் சில்லறை வேலை. அதற்கு ராத்தல் கணக்கு இல்லை, நின்ற நேரம்தான். புதன்கிழமைகளில் நிறுவை முடிந்த பிறகும் அந்தப் பெண்கள் பட்டதாரிகளோடு நின்று செடியைக் காட்டியதும், முளையைச் சுற்றிப் புல் பிடுங்கியதும் லோரன்ஸுக்குத் தெரியும். எந்தக் கூலியும் இல்லாமல் செய்த வேலை. அதை இந்த மாதத்தில், ஆளுக்கு நாலு அரைப்பேராக, சில்லறை வேலை என்று ஏற்றலாம். இந்த மாதத்துப் புதன்களையும் அப்படியே எழுதலாம். சின்னத் தொரை, செய்த வேலைக்குப் போடுவதில் எனக்குத் தடை இல்லை என்றார். இந்தத் தடவை லோரன்ஸ் அதை எழுதி வாங்கிக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழும்பினார்.

கிளாக்கர் நாலு பேருக்கும் நாலு நாலு ஏற்றினார். காளியாயி பேருக்கு வந்ததும் பேனா நின்றது.

"இந்தப் புள்ள பிரசவ லீவுல இல்ல நிக்குது? போன வாரம்தான் புள்ள பெத்துச்சு. வேலைக்கே வராத ஆளுக்கு இந்த மாசம் எப்பிடி வேல போடுறது? அதுவும் நல்ல துண்டுல நின்னுட்டு அரைப்பேர் வாங்கியிருக்கு. இது முடியாது ஐயா."

அதற்கு மேல் இழுத்தால் வந்ததும் போய்விடும் என்று லோரன்ஸுக்குத் தெரிந்தது. வீரய்யாவுக்கும் தெரிந்தது. "அது என் பொறுப்பு," என்றார் வீரய்யா. பழக்கதோசம், மறுபடியும் வாய் முந்திக்கொண்டது.

வெறும் சொல்லைப் பேச்சியம்மா நம்பவில்லை. ஆபீஸ் சன்னலுக்கு வந்து, செக்ரோலைத் திறந்து காட்டச் சொன்னாள். கிளாக்கர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பிப் பிடித்தார். வீரய்யா விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு பேராக வாசித்தார். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சரி. சம்பளம் கைக்கு வர்ற வரைக்கும் நீதான் கடன்காரன்," என்றாள். பிறகு திரும்பி மற்றவர்களிடம், "புதன்கிழம அவளவள் கூடைய அவளவள் பாத்துக்கங்கடி. எம்பக்கம் ஒருத்தியும் கைய நீட்டாதீங்க," என்றாள்.

புதன்கிழமை நல்ல வெயில். காளியாயி துண்டில் அவள் நாத்தனார் நின்றாள். மடுவத்துக்கு இறங்குகிற பாதையில் பரீட்சகர் இருவர் குடை பிடித்து நின்றார்கள், பின்னால் பன்னிரண்டு பட்டதாரிகள். பேச்சியம்மா கூடையில் பதினொன்றரை ராத்தல். தராசு முள் நின்ற இடத்தைப் பார்த்து அவளே கொஞ்சம் வெட்கப்பட்டாள். பின்னால் நின்றவளுக்கு இருபத்தெட்டு. அவள் கை பழக்கத்தில் தன் கூடைக்குள் போய்விட்டது, பேச்சியம்மா ஒரு பார்வை பார்த்ததும் வெளியே வந்தது. வீரய்யா அழுத்தி எழுதினார். பிற்பகல் முழுக்க மேல்மாடியில் மெஷின் சத்தம்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு லோரன்ஸ் கீழே இறங்கி வந்தார். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் தேறிவிட்டார்களாம். மற்ற இருவரும் கூட்டலில் பிழை விட்டார்களாம், எடையில் ஒன்றும் இல்லையாம். வெள்ளிக்கிழமை எல்லாரும் பஸ் ஏறினார்கள். கம்பளியைப் பாதிப் பேர் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சத்தை வீரய்யா மடித்துக் கட்டிக்கொடுத்தார். அடுத்த வருசமும் படிப்பு உண்டு, நீங்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டு லோரன்ஸும் போனார். திங்கட்கிழமை வீரய்யா மறுபடி மலைக்குப் போனார்.

மே பத்தாம் திகதி சம்பளம். பேச்சியம்மா சன்னலிலேயே எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள். வீரய்யா தூரத்தில் நின்று பார்த்தார். அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு, அவரைக் கடந்து போகும்போது, "நாலும் வந்துருச்சு வாத்தியாரே," என்றாள். மற்றவர்களுக்கும் வந்துவிட்டது.  அம்மாக்கண்ணு கடையில் ஒரு கருவாட்டுத் துண்டு கூடுதலாக வாங்கினாள்.

பதினாறு தீர்ந்தது. இரண்டு நின்றது. அன்று சாயந்தரமே வீரய்யா தன் சம்பளத்திலிருந்து இரண்டு ரூபா பத்துச் சதத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு கீழ்லயத்துக்குப் போனார். காளியாயி தன் லயத்து அறையான காம்பிராவின் வாசலில் பிள்ளையை மடியில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணே, புள்ள பாக்கவா? இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?"

"புள்ளையும் பாக்கத்தான். ஒன் ரெண்டு அரைப்பேரும் நிக்குதே. செக்ரோல்ல ஏத்த முடியலன்னுட்டாங்க. பேரா தர வழியில்ல, காசா வச்சுக்க." காசை வாசற்படியில் வைத்தார்.

காளியாயி காசைப் பார்த்தாள். எண்ணெய்க் கையைப் பிள்ளையின் வயிற்றிலேயே துடைத்தாள். பிறகு ஒரு ரூபாவையும் ஐந்து சதத்தையும் தன் பக்கம் நகர்த்தினாள். மிச்சத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"என்னம்மா?"

"மொதப் புதன் எனக்கு நெசமாவே முடியல. இடுப்பு வலி. நிக்கவே முடியாம நின்னு பறிச்சேன். அதுக்கு எடுத்துக்கிறேன்." குரலைத் தாழ்த்தினாள். "மத்தது அப்பிடி இல்லண்ணே. எவ்வளவு கொறஞ்சாலும் முழுப்பேர்னு நீங்க சொல்லிட்டீங்களா, அப்பறம் எதுக்கு இந்த வயித்தத் தூக்கிட்டு வெயில்ல குனியணும்னு, மேட்டுல சவுக்கு மரத்துக்குக் கீழ இடுப்புல கட்டுற படங்குச் சாக்க விரிச்சுப் படுத்துட்டேன். நல்ல தூக்கம். எந்திரிச்சப்ப எல்லாரும் எறங்கிட்டாங்க. மறுபடி பறிக்க எங்க நேரம்?"

 அந்த எடை பதினேழரை. அவர்தான் எழுதினார், அழுத்தி. அது பலகையில் ஏறி, மெஷினில் சுற்றி, காகிதத்தோடு கொழும்புக்குப் போய்விட்டது.

"அடிப்பாவி. அது கணக்குல போயிருச்சே."

"போனாப் போகட்டுமே. என் தூக்கத்தால தேயில வளராமப் போயிருமா? கேட்டா, மாசமா இருந்த புள்ள தூங்கிருச்சுன்னு சொல்லுங்க. அந்தத் தம்பியும் லயத்துல பொறந்ததுதானே."

"சொல்லத்தான் வேணும். அடுத்த வருசம் வர்றாரு."

"சொல்லுங்க. இதுக்கு மட்டும் நான் காசு வாங்கமாட்டேன். தூங்குனதுக்குக் கூலி வாங்கி இந்தப் புள்ளைக்குப் பால்மா வாங்குனா, அது தூங்கியே வளரும்." சிரித்தாள். "எடுத்துக்கிட்டுப் போங்க. அத நான் தள்ளிவிட்டாச்சு."

 பிள்ளை எண்ணெயில் வழுக்கிக்கொண்டு கால் உதைத்தது. வீரய்யா அந்த ஒரு ரூபா ஐந்து சதத்தை எடுத்து இடுப்பு மடியில் செருகினார்.

"அப்ப என்கிட்ட ஒனக்கு ஒண்ணும் வரவேண்டியது இல்ல?"

"ஒண்ணும் இல்லண்ணே."